வேலியோரம் நான் கொட்டிய சிப்பிகள்

என் தங்க மகள் எஸ்தருக்கு,

எழுத்து கோணிக் கிடக்கிறது, பொறுத்துக்கொள். அறுபது தாண்டிப் பென்சில் பிடித்த உன் அப்பாவின் கை இது. கோயில் முதியோர் வகுப்பில் எல்லா எழுத்தும் படித்து முடித்துவிட்டேன். முதல் கடிதம் உனக்குத்தான்.

காய்ச்சலில் நீ போய் மூன்று வருஷமாக உன் பச்சை நோட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். பிறரிடம் வாசிக்கக் கொடுக்கப் பயம். என் தவற்றைப் பற்றி அதில் என்ன எழுதியிருப்பாயோ?

அரியலூர்ச் சுண்ணாம்புக் குழியில் நீ மண் அடுக்கு வாரியாக எடுத்துவந்த, கல்லாகிப்போன பழங்காலச் சிப்பிகளை ஆமத்தூர் வீட்டில் நான்தானே வகை பிரித்தேன்? உயிர்வகைகள் காலத்தோடு பெருகிக்கொண்டே போகுமா, ஓர் அளவு நிறைந்ததும் நின்றுவிடுமா? அதுதான் உன் கேள்வி. பழைய அடியடுக்கில் வகை குறைவு, மேலே வர வர அதிகம். "பெருகிக்கிட்டேதான் போகுதுப்பா" என்று துள்ளினாய். கல்லூரியில் வாசிக்கக் கட்டுரையும் எழுதிவிட்டாய்.

அப்புறம்தான் வேலியோரக் குவியலைப் பார்த்தாய்.

"இது என்னப்பா?"

"உடைஞ்சதும்மா. எங்க தீப்பெட்டிக் கம்பெனியில ஒடிஞ்ச குச்சியப் பெட்டியில அடைச்சா கணக்கப்பிள்ளை சும்மா விடுவாரா?"

"ஐயோ அப்பா! அடியடுக்குல அம்புட்டும் மெல்லிசு ஓடு, நொறுங்கித்தான் கிடைக்கும். அம்புட்டு வகையையும் வேலிக்கு அனுப்பிட்டீகளே!"

கட்டுரையைக் கிழித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாயே, அதை எப்படி எழுதுவது?

மறுபடி அரியலூர் போனோம். அடுக்குக்கு ஒரே அளவு மூட்டை, உடைந்ததும் சேர்த்து. மேலே வர வரச் சில வகை அழிந்தன, புதியவை வந்தன. வகைகளின் மொத்தம் ஏறக்குறைய அப்படியே நின்றது.

"அப்ப நிறைஞ்சுபோச்சா?" என்றேன்.

"ஒத்தைக் குழிய வச்சு உலகத்துக்கே சொல்லக் கூடாதுப்பா. இங்கன நிக்குது, அவ்வளவுதான்."

இன்று உன் நோட்டில் இதைப் பற்றி எழுதிய பக்கத்துக்கு வந்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன்: "உடைந்தவற்றை விட்டால் எண்ணிக்கை பொய் சொல்லும். இது எனக்குத் தெரிந்தது அப்பாவால்." இரண்டாம் முறை படித்தபோதுதான் நம்பினேன். வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசித்தேன். டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த பக்கத்தில் ஒரே வரி: "நிற்கிறதென்றால், எது நிறுத்துகிறது?" பதில் எழுத நீ இடம் விட்டிருக்கிறாய். எனக்குத் தோன்றுவதை வரும் ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். அரைகுறையாகத் தோன்றுவதையும் கழிக்காமல் எழுதுகிறேன்.

உன் சிப்பிகளை வகை பிரித்த
அப்பா