விலகலுக்கு வழிவகை இல்லை

மார்ச் 3, செவ்வாய்

இரண்டே வரி. அதற்கு ஏழு வரைவுகள். ‘மேற்படி சபையின் உறுப்பினர் தகுதியிலிருந்து இன்று முதல் விலகிக்கொள்கிறேன். எவர்மீதும் எனக்கு மனத்தாங்கல் இல்லை.’ எட்டாவது படியை உறையிலிட்டு, பத்தொன்பது ஆண்டுகளாக நான் சட்ட ஆலோசகராக இருக்கும் எங்கள் வழிபாட்டுச் சபையின் செயலாளரிடம் நேரில் கொடுத்தேன். நகலில் ஒப்புகைக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதால் அவருக்கு ‘அவசரம்’ என்று பெயர்.

படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று.

நீதிமன்றத்தில் நான் விசில் அடித்ததாக என் குமாஸ்தா சொல்கிறாள். “சார், ஜட்ஜ் வர்ற நேரம்!” நானா? எனக்கு விசில் வரும் என்பதே எனக்குத் தெரியாது.

காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். காரணம் கூறாத உத்தரவு மேல்முறையீட்டில் நிற்காது. போன மாதம் ஒரு கோப்பைப் பார்க்க விடிந்ததும் நீதிமன்றம் போனேன். அதனால் காலை வழிபாடு தவறியது. நடைவழியைக் கழுவிவிட்டுப் போயிருந்தார்கள். ஈரத் தரையில் சன்னல் முழுதாகக் கிடந்தது, வானத்தோடு. ‘நன்றி’ என்று வாய் தானாகச் சொல்லிற்று. பத்தொன்பது ஆண்டுகள் முன்வரிசையில் அமர்ந்து நான் கவனித்தவை ஒலிபெருக்கி, வருகைப் பதிவேடு, யார் தாமதம் என்பவை மட்டுமே. அந்தச் சொல் அங்கே ஒரு நாளும் தானாக வந்ததில்லை.

மார்ச் 5, வியாழன்

அவசரம் தொலைபேசியில் அழைத்தார். இம்முறை படித்துவிட்டார்.

“வக்கீலே, விலக வழியே இல்லையே! பிரிவு ஒன்பதைப் பாருங்க.”

பார்த்தேன். உறுப்பினர் தகுதி முடிவுறும் வழிகள்: (அ) மரணம், (ஆ) நீக்கம். அவ்வளவே. அடியில் ‘விதிகளை வரைந்தவர்’ என்று என் கையெழுத்து. அழகாகச் சுழித்திருக்கிறேன்.

“சொந்தச் செலவுல சூனியம்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்பத்தான் ஆளைப் பாக்கறேன்” என்றார்.

தொலைபேசியை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் வெளியேற விரும்பக்கூடும் என்று முப்பத்து நான்கு வயதில் எனக்குத் தோன்றவே இல்லை! விதியைத் திருத்தலாம், ஆனால் பொதுக்குழு கூட இன்னும் பத்து மாதம். ஆக, (அ) அல்லது (ஆ).

(அ)-வை ஒத்திவைத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

சிரிப்பு நின்றது. நீக்கம் என்றால் கூடவே பிரிவு பதினான்கு வரும்: நீக்கப்பட்டவருடன் உறுப்பினர் எவரும் ஒரே மேசையில் உணவருந்தலாகாது, மீறுபவரும் நீக்கப்படுவார்.

என் மனைவி உறுப்பினர். பாட்டுக்குழுவின் முதல் குரல். பாடாத வாரம் அவளுக்குக் காய்ச்சல் வரும். மிகையல்ல, இருமுறை வந்திருக்கிறது.

விதிகளை வரைந்தபோது சபைத் தலைவர் கேட்டது ‘ஒரே கூரையின்கீழ்’. மூன்று கூட்டங்கள் வாதாடி அதை ‘ஒரே மேசையில்’ என்று சுருக்கியவன் நான். கருணையுள்ளவர் என்று கை தட்டினார்கள்.

யாரை மனத்தில் வைத்து எழுதினாய்? எவனோ ஒருத்தன்னு நினைச்சியா? அவனுக்கு வீடு இருக்காதா? பொண்டாட்டி இருக்க மாட்டாளா? மடையா.

மார்ச் 7, சனி

வாரக் கூட்டத்துக்கு அவள் போனாள். நான் மொட்டைமாடிக்குப் போனேன்.

காயும் துணிகளுக்கிடையே ஒரு மணி நேரம். முறைப்படியான தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. பேசினேன் எனலாம், பாதி நேரம் சும்மா இருந்தேன். யாருக்கு என்று எழுத வேண்டிய இடம் காலி. மனுவாக இருந்தால் குறைபாடு என்று திருப்பியிருப்பார்கள். இது திரும்பவில்லை. காற்றில் போர்வை ஒன்று எழும்பி முகத்தில் பளாரென்று அறைந்தது. அதைப் பதிலாகக் கொள்ள எனக்கு அதிகாரம் உண்டா? கொண்டேன்!

திரும்பி வந்தவள், “எல்லாரும் உங்களைக் கேட்டாங்க” என்றாள்.

“என்ன சொன்னே?”

“தலைவலின்னேன். யாருக்குன்னு சொல்லல.”

பிறகு, செருப்பைக் கழற்றியபடி, என்னைப் பார்க்காமல்: “உங்களை நீக்கிட்டா நான் யாரோட சாப்பிடறது?”

மார்ச் 10, செவ்வாய்

அவசரம் சமரசம் பேசினார். “பேருக்கு இருங்க வக்கீலே. வராதீங்க, யாரு கேக்கப்போறா? தலைவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

என் கட்சிக்காரருக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்திருந்தால் பேனாவைத் திறந்து கையில் கொடுத்திருப்பேன். மனைவியிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“மாடியிலேர்ந்து இறங்கி வரும்போது உங்க மூஞ்சியைப் பாத்திருக்கீங்களா?”

“ஏன்?”

“பரீட்சையில பிட் அடிச்சு மாட்டாம வந்தவன் மாதிரி இருக்கு.” இன்னொரு கிழங்கை எடுத்தாள். “பேருக்கு இருந்தீங்கன்னா அந்த மூஞ்சி இருக்காது. போங்க. என்னை மட்டும் இழுக்காதீங்க. நான் பாடணும்.”

மார்ச் 14, சனி

நானே கேட்டு வாங்கிய நீக்க விசாரணை. தொடக்கத்திலேயே சிக்கல்: குற்றச்சாட்டை வரையத் தெரிந்தவர் சபையில் ஒருவர்தான். காகிதத்தை என் பக்கம் தள்ளினார்கள். எழுதினேன்: ‘வழிபாட்டுக்கு வராதிருத்தல். அதற்காக வருந்தாதிருத்தல்.’ இரண்டாவதை அவசரம் அடிக்கப் பார்த்தார். வழக்கின் உயிரே அதுதான் என்று ஆட்சேபித்தேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமில்லை.

“இனி எங்க போவீங்க?”

“மொட்டைமாடிக்குங்க.”

“அங்க யார் இருக்கா?”

“துணிங்க. அப்புறம்... கேட்டுச் சொல்றேங்க ஐயா.”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார். தலைவர் கையெழுத்திட்டார். நான் நகல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

நான் மேசையில் சாப்பிட்டேன். அவள் அடுப்படியில் நின்றபடி.

மார்ச் 16, திங்கள்

இன்று நான் நின்றேன், அவள் மேசையில். விடுதலைதான், மறுக்கவில்லை. மாடியில் இன்றும் நன்றாகவே இருந்தது. கீழேதான் வாய்க்கு ருசி தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

வீட்டுக்குள் நுழைந்தால் தையல் இயந்திரம் தரையில் கிடக்கிறது. அது இருந்த மேசை சாப்பாட்டு மேசையின் அருகே, ஒட்டாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்கிறது. அவள் தட்டு அதில். என் தட்டு இதில்.

“பிரிவு பதினாலு. ஒரே மேசையிலதானே கூடாது?”

“சட்டத்தோட நோக்கம்னு ஒண்ணு இருக்கும்மா...”

“எழுதினது எழுதினதுதான்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்க. விரலை விட்டுப் பாருங்க.”

விட்டேன். தடையின்றிப் போயிற்று.

“தலைவர் ஒத்துக்கணுமே?”

“மத்தியானமே போய்க் கேட்டாச்சு. விதிப் புத்தகத்தையே ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தார். அப்புறம், ‘இதை எவன் எழுதினது?’ன்னார்.”

“நீ என்ன சொன்னே?”

“எங்க வீட்டுக்காரர்னேன். தலையில கை வச்சுட்டு, ‘சரி, போய்ச் சாப்பிடும்மா’ன்னார்.”

அவள் கண்மூடித் தன் வேண்டுதலைச் சொன்னாள், முழுவதும், ஒரு சொல் குறைக்காமல். நான் காத்திருந்தேன். பிறகு எனக்குப் பரிமாறினாள். கரண்டி இடைவெளியைக் கடக்கையில் குழம்பு இரண்டு சொட்டு தரையில் விழுந்தது. அதற்கு விதிகளில் பிரிவு எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

தைக்க மேசை இல்லாததால் வீட்டில் தையல் நின்றுவிட்டது. இரண்டாம் பொத்தான் இல்லாத சட்டையோடு நீதிமன்றம் போனேன்.

“சார், பொத்தான்!” என்றாள் குமாஸ்தா.

“தெரியும்மா” என்றேன்.

“சார், விசில்!”

அதுவும் தெரியும்.