காலி இருக்கைக்கு மணி அடிக்கும் கார்

அனுப்புநர்:
பள்ளி ஆய்வக உதவியாளர்,
ரொட்டிக்கடை மாடி வீடு.

பெறுநர்:
வாகனப் பதிவு அலுவலர் அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம்.

பொருள்: விபத்தில் சிக்காதது என்று சொல்லி விற்கப்பட்ட காரின் பழைய விவரம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் சென்ற மழைக்காலத்தில் ஒரு பழைய கார் வாங்கினோம். விற்ற தரகர், "கீறல்கூட விழாத வண்டிங்க, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். நாங்களும் கண்ணை மூடிக்கொண்டேதான் எடுத்து வந்தோம். தங்கள் அலுவலகச் சான்றும் விபத்து ஏதுமில்லை என்றே சொல்கிறது.

2. வந்த வாரமே ரேடியேட்டர் ஒழுகியது. பிறகு பேட்டரி, பிறகு கியர். அவற்றைச் சரிசெய்துவிட்டோம், அவை பற்றிப் புகார் இல்லை. சரியாகாதது ஒன்றுதான். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போதும், அதில் யாரோ சீட் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதுபோல் எச்சரிக்கை மணி அடிக்கிறது.

3. மெக்கானிக் சென்சாரை மாற்றினார், வயரை மாற்றினார், கடைசியில் இருக்கையையே மாற்றினார். அந்தப் பக்கத்துக் கதவோரம் பழைய வெல்டிங் தழும்பு இருப்பதைக் காட்டியதும் அவரே. "ஆள் இருக்குன்னு வண்டி சொல்லுது, இல்லைன்னு நான் சொல்றேன். நீங்க யாரை நம்புவீங்க மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனவர், அப்புறம் போனை எடுக்கவில்லை.

4. வேறு வழியின்றிக் காலி இருக்கைக்கு பெல்ட் மாட்டத் தொடங்கினோம். மணி நின்றது, கூடவே எங்கள் நிம்மதியும் போனது. என் கணவர் பிரேக் போடும்போதெல்லாம் இடது கையை அந்தப் பக்கம் நீட்டித் தடுக்கிறார். ஏன் என்று நான் கேட்பதில்லை. முன்னால்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்த என் மகள், இப்போது தானாகவே பின்னால் என் பக்கத்தில் ஏறிக்கொண்டு, "அக்காவுக்கு பெல்ட் போட்டாச்சாப்பா?" என்கிறாள். அக்கா என்று நாங்கள் யாரும் சொல்லித் தரவில்லை.

5. நேரில் வந்து முறையிட்டபோது தங்கள் அலுவலக எழுத்தர், "புடிக்கலைன்னா வேற யார் தலையிலயாவது கட்டிடுங்கம்மா" என்று யோசனை சொன்னார். எங்கள் தலையில் கட்டியதும் அப்படித்தானே? வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும். அதனால், காரைத் தரகரே திரும்ப எடுத்துக்கொள்ள உத்தரவிடக் கோரியே இந்த மனுவை எழுத ஆரம்பித்தேன்.

6. நேற்று காலை அந்த எண்ணம் மாறிவிட்டது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் முன் இருக்கைக்கு பெல்ட் மாட்டிய நாங்கள், பின்னால் இருந்த மகளுக்கு மாட்ட மறந்துவிட்டோம். மணி அடித்தது. முன்னால் எல்லாம் சரியாகவே இருந்தது. மகளுக்கு மாட்டிய பிறகே நின்றது. தெருமுனை திரும்பியதும் தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே வர, என் கணவர் பிரேக்கை முழுதாக மிதித்தார். மகளின் தோளில் பெல்ட் பதிந்த தடம் மட்டும்தான். மாலையில் மெக்கானிக்கைத் தேடிப்போய்க் கேட்டோம். இந்தக் காரில் பின் இருக்கைக்கு மணியே கிடையாதாம்.

7. ஆகவே ஐயா, காரை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தரகரைத் தாங்கள் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம். பழைய விபத்துப் பதிவுகளைத் தேடி, அந்த இருக்கையில் இருந்த பெண்ணின் பெயரையும் வீட்டையும் தெரிவித்தால் போதும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனாலும் அவளுக்கு ஒரு தாய் இருந்தால், அவரிடம் நான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்: உங்கள் பெண் இப்போது தினமும் பெல்ட் போட்டுக்கொள்கிறாள்.

தங்கள் பதிலுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,

(கையொப்பம்)
ஆய்வக உதவியாளர்

நாள்: மார்ச் 9
இடம்: காரின் பின் இருக்கை