இரண்டாவது காய்ச்சல்

இன்று காலை நம் தெருவில் கொசு மருந்துப் புகை அடித்துவிட்டுப் போனார்கள். அந்த நெடி இன்னும் துணிகளில் இருக்கிறது. அக்கா, நீ இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஜன்னல சாத்துடி, ஜல்தி!" என்று கத்தியிருப்பாய்.

விழுப்புரம் கல்லூரியில் நீ டெங்கு வைரஸைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. திண்டிவனம் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது, ஒன்பதாவதோடு நின்றுவிட்ட நான்தான் உன் வகுப்பு. என் துப்பட்டாவை விரித்து, "இது செல்லோட சவ்வு" என்றாய். உன் கைக்குட்டை வைரஸின் உறை. அதில் மாட்டிய கிளிப்தான் புரதம். செல் வைரஸை இழுத்து ஒரு சிறு பைக்குள் வைக்கும். பையில் அமிலம் கூடிப் புளிப்பேறியதும் கிளிப் வாயைத் திறந்து சவ்வைக் கடிக்கும். இரண்டு துணியும் ஒன்றாகி, வைரஸ் செல்லுக்குள் இறங்கிவிடும். கிளிப்பின் மேல் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றி, "இது ஆன்டிபாடி, நம்ம உடம்போட காவல். இனிமே வாயே தொறக்காது, உன்ன மாதிரி" என்று சிரித்தாய்.

"ஒரு கேள்வியாவது கேளுடி, மரம் மாதிரி உக்காந்துக்கினு இருக்கியே!"

"உனக்குத்தான் ஏற்கெனவே டெங்கு வந்துச்சே. இனிமே வராது இல்ல?"

நீ ரப்பர் பேண்டைத் தளர்த்தினாய். "நாலு வகை இருக்கு. வேற வகை வந்தா பழைய ஆன்டிபாடி இப்படி தொளதொளன்னுதான் பிடிக்கும். செல்லு இந்த பேண்டையே பிடிச்சி வைரஸ உள்ள இழுத்துக்கும். அப்பதான் பேஜாரு."

மழைக்காலத்தில் உனக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. அது விட்டதும் அம்மா, "ஒரு தடவ வந்தது திரும்ப வராது. பாரு, உடம்பு ஜில்லுனு ஆயிடுச்சு" என்று கஞ்சி வைத்தாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாய்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில், முன்பு டெங்கு வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள். "ரெண்டாவது தடவைங்க!" என்றேன், வார்டே திரும்பிப் பார்க்க. நீ கண்ணைத் திறக்காமலே, "அட, வாய் இருக்குதே" என்றாய். என்னிடம் நீ கடைசியாகச் சொன்னது அதுதான். டாக்டரும் நர்சுகளும் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். மறுநாள் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

நேற்று எதிர்வீட்டு அத்தை, மகளுக்கு ஜுரம் விட்டுவிட்டது என்றார். உள்ளே அந்தப் பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி டெங்கு வந்திருக்கா அத்த?"

"வந்துச்சே. அதான் பயமில்ல."

"அதனாலதான் அத்த பயம்."

"உன் வாயில நல்லதே வராதா?" என்று திட்டினார். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறும்வரை நான் வாசலை விட்டு நகரவில்லை.

பிள்ளை இன்னும் வார்டில்தான் இருக்கிறாள். எந்த வீட்டில் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலும் அங்கே போய் நிற்கிறேன், அக்கா. "முன்னாடி டெங்கு வந்திருக்கா?" என்று வாய் திறந்து கேட்கிறேன்.