உன் இடத்தில் உட்கார்ந்த பிள்ளை

என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தே அன்றைய நாள் எப்படிப் போயிற்று என்று கண்டுபிடித்துவிடும் அம்மாவுக்கு,

நீ போன பிறகும் ஆதம்பாக்கத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மாடி வீட்டுக்காரர் இன்னமும் மோட்டாரை அணைக்க மறக்கிறார், திட்டத்தான் ஆளில்லை. நான் பழையபடி பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் போய், பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர் மிஸ்ஸாக உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பிள்ளைகள் மனதில் இருப்பதைச் சொல்கிறார்கள், கேட்கிறேன். "கேக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேலி செய்வாயே, அதே வேலைதான். அதில் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அந்தப் பெண்ணைப் பவித்ரா என்று வைத்துக்கொள். பெயரை மாற்றி, அவளையும் அவள் அப்பாவையும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பு. போன வருடம் அவள் அம்மா தவறிவிட்டார். அப்பாவுக்கு தி. நகரில் பாத்திரக்கடை. வியாழக்கிழமைகளில் விளையாட்டு பீரியடில் என்னிடம் வருவாள்.

உன் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். அபிராமபுரத்தில் எங்களுக்கு மூத்த கவுன்சிலர் ஒருவர் இருக்கிறார். கொஞ்ச நாள் லீவு போடு, என்னிடம் வந்து பேசு என்றார். நான்தான் கேட்கவில்லை. அந்த வாரம் பவித்ரா, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் டப்பாவைத் திறந்து பார்க்க யாருமில்லை என்றாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போனதைச் சொல்லி அவள் எதிரிலேயே அழுதேன். எழுந்து வந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

கண் கலங்கியது தப்பில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் தப்பு. அடுத்த வாரம் வந்தவள் நான் சாப்பிட்டேனா என்று கேட்டு, என் டப்பாவைத் திறந்து பார்த்தாள். மிச்சம் வைத்ததற்குக் கோபித்துக்கொண்டாள். ஒருநாள் தன் எலுமிச்சை சாதத்தில் பாதியை எனக்கென்று வைத்திருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அம்மா, எனக்கு அது பிடித்திருந்தது. வியாழக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன். அவள் தன் அம்மாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். தேறிவிட்டாள் என்று நானே முடிவு செய்துகொண்டேனோ? அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்ததோ?

அவள் அப்பா கடையிலிருந்து போன் செய்தார். சரியாகத் தூங்குவதில்லையாம், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நிற்கிறாளாம். "எங்கிட்ட அழவே மாட்டேங்கா, மேடம். உங்ககிட்டயாவது அழுதுருவான்னு நெனச்சேன்" என்றார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளையே கேட்டேன்.

"நீங்க பாவம் மிஸ். உங்களுக்கு இப்பதானே ஆச்சு."

உன் இடத்தில் ஒரு பதினாலு வயதுப் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறேன், அம்மா. அழ வந்தவளை என்னைப் பார்த்துக்கொள்ள வைத்திருக்கிறேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது. இத்தனை வருடம் படித்து, வேலை பார்த்து என்ன பிரயோசனம்?

இப்போது சனிக்கிழமைகளில் அபிராமபுரத்தில் அந்த மூத்த கவுன்சிலரிடம் போகிறேன். அவர் முதலில் நன்றாகத் திட்டினார், பிறகு அழ விட்டார். பவித்ராவிடம் மன்னிப்புக் கேள் என்றார். கேட்டேன். என்னைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார், அது உன் வேலை இல்லை, உன்னை அதைச் செய்ய விட்டது என் தப்பு என்றேன். வேறு மிஸ்ஸிடம் போகிறாயா என்றும் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் அழுதா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதா மிஸ்?"

ஆகாது என்றேன். அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி அழுதாள். பீரியட் முடிந்து மணி அடித்த பிறகும் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்குச் சொன்ன பதில் அன்றைக்கு முழு உண்மை இல்லை. உனக்காக அழ வேண்டியதையெல்லாம் அவள் இல்லாத இடத்தில் அழுது முடித்து, அதை உண்மையாக்குவேன், அம்மா. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கடைக்குட்டி