அஞ்சலை அக்கா தண்ணீர் குடிக்கவில்லை

மே 14, புதன்

இன்று வடக்குத்து கட்டட சைட்டில் சித்தாள் அஞ்சலை அக்கா மணல் சட்டியோடு மயங்கி விழுந்துவிட்டார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. நிழலுக்குத் தூக்கிப் போய், புடவை நனைய தண்ணீர் ஊற்றி, ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம்.

சூப்பர்வைசர் என்ற முறையில் மணிக்கொரு தரம் "தண்ணி குடிங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அஞ்சலை அக்காவின் பையை எடுத்துப் பார்த்தால், காலையில் நிரப்பிய பாட்டில் அப்படியே இருந்தது.

கூட வேலை செய்யும் வள்ளி அக்காவிடம் ஏன் என்று கேட்டேன்.

"குடிச்சா எங்கங்க போறது? சுத்தி ஆம்பளைங்க வேல செஞ்சிகினு இருக்காங்க, ஒரு மறைவு இல்ல. சாயங்காலம் வூட்டுக்குப் போற வரைக்கும் நாங்க யாருமே குடிக்கறதில்லீங்க."

நானும் பெண்தான்; நான் மட்டும் தினமும் மதியம் ஸ்கூட்டியில் குவார்ட்டர்ஸுக்கு வந்து பாத்ரூம் போய்விட்டுத் திரும்புகிறேன். ஐந்து மாதமாக இது எனக்கு உறைக்கவே இல்லை.

நாலு தகரம் வைத்து மறைத்துக் கொடுங்கள் என்று கான்ட்ராக்டரிடம் போனில் கெஞ்சினேன். "இன்னும் ஒரு மாசத்துல வேல முடியப் போவுது, அதுக்குக் கக்கூஸா?" என்று வைத்துவிட்டார்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அஞ்சலை அக்கா கண் திறந்திருந்தார், ஆனால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

சற்று முன் வள்ளி அக்கா போன் செய்தார். "அஞ்சலைக்குப் பதிலா அவ மருமவ நாளைலேர்ந்து வரேன்றா, சேத்துக்கிறீங்களா?"

வரச் சொல்லுங்கள் என்றுவிட்டேன்.