செட்டிகுளத்து வேண்டுதல்

4.3.2025, செவ்வாய்
பால், பூ, ஊதுபத்திக் கணக்கு எழுதியாயிற்று. கோயிலுக்குத் தனியாகத்தான் போனேன். செவ்வாய்க்கிழமை என்றால் என் பெண் தமிழ்மொழி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவாள். இப்போது காலையில் அத்தையோடு ஸ்டேடியம், சாயங்காலமும் ஸ்டேடியம். என் நாத்தனார் வெற்றிச்செல்வி ரயில்வே வேலையை விட்டு, பெரம்பலூருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியதிலிருந்து இதே கதைதான். முட்டி தேய்ந்து அவள் ஓட்டம் நின்றது. இப்போது என் பெண்ணின் கால்களை எடுத்துக்கொண்டாள்.

"அத்தை ஓடுனா கால் தரையிலயே படாதாம்மா." சாப்பிடும்போதெல்லாம் இதே பேச்சு. சோறு போடுவது யாராம்?

14.3.2025, வெள்ளி
விளக்கு தேய்க்கும் நாள். நாத்தனாரின் பதக்கங்களை மாமியார் தன் காலத்திலேயே சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார். இன்னும் அங்கேதான். ஒன்று மங்கிக் கிடந்தது. குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்தேன். நல்ல எண்ணத்தில்தான் — முருகா, பாதி நல்ல எண்ணம். அழுத்தித்தான் தேய்த்தேன். தேசியப் போட்டியில் இருநூறு மீட்டர் ஓடி வாங்கிய தங்கம். மஞ்சளெல்லாம் போய் அலுமினியத் தட்டு மாதிரி வெளுத்துவிட்டது.

"ஏன்டி, அது என்ன பித்தளைச் சொம்பா?" என்று இவர் கத்தினார்.

நாத்தனார் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "வுடுண்ணே, முலாம்தான. இத்தினி வருசத்துல அண்ணி புண்ணியத்துல ஒரு நா குளிச்சிருக்கு."

சிரித்தாள். திட்டியிருந்தால் தேவலை. நல்லவளாக இருப்பதிலும் இவளே முந்த வேண்டுமா?

15.3.2025
தமிழ்மொழி என்னோடு பேசவில்லை.

11.4.2025, பங்குனி உத்திரம்
செட்டிகுளம் மலைக்கோயில். நாத்தனாரும் வந்தாள். படியேற முடியாமல் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "அத்தைக்குத் துணையா இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று என் பெண்ணும் கீழேயே நின்றுவிட்டாள். முருகனைவிட அத்தையா?

சன்னிதியில் கண்ணை மூடினேன். 'இவங்க ரெண்டு பேரையும் பிரிச்சு வுடு முருகா.' வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்தேன். நடந்தால் உண்டியலில் சேர்க்க வேண்டும்.

சாமிகிட்ட இப்படியா கேப்பாங்க? கேட்டாச்சு.

23.5.2025, வெள்ளி
அரியலூரில் நடந்த தேர்வு ஓட்டத்தில் தமிழ்மொழி முதலாவதாக வந்தாளாம். சென்னை விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. இனி அங்கேதான் தங்கிப் படிப்பாள். இவர் தெருவெல்லாம் ஜிலேபி கொடுத்தார். நான் அரிசிப் பானைப் பக்கமே போகவில்லை.

இரண்டு பேரையும்தான் பிரித்திருக்கிறான். நடுவில் நான் ஒருத்தி இருக்கிறேனே, அதைச் சொல்ல மறந்துவிட்டேனே!

8.6.2025, ஞாயிறு
பஸ் ஸ்டாண்டில் முதலில் அத்தையைக் கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் என்னை.

13.6.2025, வெள்ளி
விடியலில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தேன். நாத்தனார் ஷூ மாட்டி, கழுத்தில் விசிலோடு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்கயும் இல்லண்ணி. முழிப்பு வந்துருச்சு."

இதைத்தானே கேட்டேன்? ஏன் மனசு குளிரவில்லை? காப்பியைக் கொஞ்சம் கெட்டியாகப் போட்டுக் கொடுத்தேன்.

17.6.2025, செவ்வாய்
வேண்டுதலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? செட்டிகுளம் கிளம்பினேன். நாத்தனார் நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "ஒன்னால ஏற முடியாதும்மா" என்றேன்.

"ஏறித்தான் ஆவணும்ணி."

ஓடினால் கால் தரையில் படாதாம்! ஒவ்வொரு படியிலும் அவள் பாரம் முழுக்க என் தோளில். பாதியில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டாள். வாயைத் திறந்து வலி என்று சொல்லவில்லை.

உண்டியல் முன்னால் நின்று அவளும் பையிலிருந்து ஒரு மஞ்சள் முடிச்சை எடுத்தாள்.

"உத்திரத்தன்னிக்கு அடிவாரத்துல ஒக்காந்து வேண்டிக்கிட்டேன். நம்ம புள்ள செலக்ட் ஆனா நானே படியேறி வரேன்னு. நீங்க என்ன வேண்டுனீங்கண்ணி?"

"அதேதான்" என்றேன். சன்னிதியில் நின்று பொய்.

இரண்டு முடிச்சும் ஒன்றாக விழுந்தன. ஒரே நாள், ஒரே சாமி. பெற்றவள் நான், எனக்காகக் கேட்டேன். அவள் என் பிள்ளைக்காகக் கேட்டிருக்கிறாள். இதிலும் அவள்தான் முதல்.

ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டி வலிக்குமாம். ஒரு படி முன்னால் இறங்கித் தோளைக் கொடுத்தேன்.