டப்பியின் நெற்றியில் சந்தனம்

எவ்வளவு கோபமிருந்தாலும் என்னைச் சாப்பிடாமல் படுக்கவிடாத என் சரோஜா அக்காவுக்கு,

டப்பி நன்றாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதையும் நீ காதில் வாங்கமாட்டாய்.

இந்தக் கடிதத்தை அச்சில் போடக் கொடுக்கிறேன். உன் வீட்டுக்காரர், அதுதான் மாமா, படிப்பார், பிள்ளையார்பாளையமே படிக்கும். படிக்கட்டும். வெட்கம் என்று ஏதாவது மிச்சமிருந்தால் படட்டும்.

வெள்ளைக்கார டாக்டரம்மா ஊருக்குத் திரும்பும்போது, தன்னிடம் நர்ஸாக இருந்த உன்னை நம்பித்தானே இந்தப் புல்டாக் நாயை விட்டுப்போனார்? நீ கண்ணை மூடிய கொஞ்ச நாளிலேயே அதற்கு முடி கொட்ட ஆரம்பித்தது. நெற்றி மடிப்பும் மூக்குக்கு மேலிருக்கிற மடிப்பும் சிவந்து, கசிந்து, புளித்த மாவு வாடை அடித்தது. நாள் முழுக்கப் பாதத்தைக் கடித்துக்கொண்டே கிடந்தது. என்ன நோய் என்று யாராவது பார்த்தார்களா? எதற்குப் பார்க்க வேண்டும்? மாமா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாரே. துக்கமாம்!

"சரோஜாவ நெனச்சி நெனச்சி உருகிக்கினு இருக்குதும்மா. வாயில்லா ஜீவனுக்கு இருக்குற பாசம் மனுசனுக்கு இருக்குதா, நீயே சொல்லு?"

சேலை வாங்க வந்தவர்கள், தறிக்குப் பாவு நூல் கொண்டுவந்தவர், பால்காரர், ஒருவர் பாக்கியில்லை. எல்லாரிடமும் இதே பேச்சு. கருட சேவைக்கு வந்த சொந்தக்காரர்கள் பெருமாளைச் சேவித்த கையோடு உன் வீட்டுக்கு வந்து வரிசையில் நின்று நாயைப் பார்த்தார்கள். மூக்கைச் சிந்தினார்கள். அப்புறம் பந்தியில் உட்கார்ந்து வடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள். நீ படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது இதில் ஒரு முகத்தையாவது பார்த்தாயா அக்கா?

கேள், இன்னும் இருக்கிறது. மாமா தினமும் காலையில் உன் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அதே விரலால் டப்பியின் நெற்றியிலும் அப்புவார். ஈரச் சந்தனம் மடிப்புக்குள் இறங்கிக் காயாமல் கிடக்கும். மறுநாள் அதன் மேலேயே இன்னொரு அப்பு. பிறகு படத்துக்கு முன்னால் வைத்த பாலை அதன் தட்டில் ஊற்றுவார். நீ அதற்கு ஒரு சொட்டுப் பால் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் வருகிறவர்களிடம் அவர் சொல்வது, "அவ ஊத்தற மாதிரியே ஊத்தறேன்."

பக்கத்து வீட்டு வைத்திய சிகாமணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் வேப்பெண்ணெய் என்றார். ஒருவர் கந்தகம் என்றார். இன்னொரு புண்ணியவான் லாரியில் வடித்த பழைய என்ஜின் ஆயிலைத் தடவச் சொன்னார். துக்கத்துக்கு ஏது மருந்து என்று மாமா எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மனுசனின் மடத்தனத்தால் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

கடைசியில் எனக்கு ஆள் அனுப்பினார். நாளைக்கு மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து ஊசி போட்டு டப்பியை முடித்துவிடப் போகிறாராம், கடைசியாக வந்து பார்த்துவிட்டுப் போகலாமாம். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, விடிந்ததும் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ரிக்‌ஷா பிடித்து ஓடினேன்.

அங்கே டப்பியின் கழுத்தில் மாலை! டாக்டர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"அவகிட்டயே போய்ச் சேந்துடட்டும் வனஜா. இது படற கஷ்டத்த என்னால பாக்க முடியல," என்று மாமா துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"பாக்க முடியலையா? நீங்க எப்ப பாத்தீங்க மாமா?" என்று கேட்டுவிட்டு நாயின் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். "சார், மொதல்ல அதுக்கு இன்னான்னு பாருங்க. அப்புறம் ஊசிய எடுங்க."

அவர் நல்ல மனிதர், உட்கார்ந்து பார்த்தார். நெற்றி மடிப்பை இரண்டு விரலால் விரித்ததும் காய்ந்ததும் காயாததுமாகச் சந்தனம் பெயர்ந்து வந்தது. அடியில் தோல் பச்சைப் புண்.

"இது என்ன சார்?"

"சந்தனம், குங்குமம். தெனமும் வெக்கிறேன்," என்றார் மாமா. சொல்லும்போது முகத்தில் என்ன பெருமை!

டாக்டர் பிளேடால் தோலைக் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் எடுத்துப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து என்னிடம்தான் பேசினார்.

"சொறிப்பூச்சி ஒண்ணும் இல்லம்மா. மடிப்புல ஈரம் தங்கிப் புண்ணாயிருக்கு. குங்குமம் வேற ஒத்துக்கல. பாதத்தக் கடிக்கிறதப் பாத்தா சாப்பாட்டுலயும் ஏதோ ஒண்ணு ஒத்துக்கலன்னு தோணுது. இதுக்கெல்லாம் ஊசி போட்டுக் கொல்லுவாங்களா?"

"அப்போ... துக்கம்?" என்றார் மாமா.

"அது மைக்ராஸ்கோப்புல தெரியாது சார்."

அன்றைக்கே டப்பியை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்து மடிப்பு மடிப்பாகத் துடைக்க வேண்டும். உடனே பழைய வேட்டித் துணியால் ஈரம் போக ஒற்ற வேண்டும். வாலுக்கு அடியிலும் ஒரு மடிப்பு ஒளிந்திருக்கிறது, அதையும் விடக்கூடாது. அப்புறம்தான் டாக்டர் கொடுத்த களிம்பு. சாப்பாடு வெறும் சோறும் வேகவைத்த ஆட்டுக்கறியும். உடம்பு தேறிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். முட்டை ஒன்றும் செய்யவில்லை. பாலைக் கொடுத்துப் பார்த்தேன், மறுபடி பாதத்தைக் கடிக்க ஆரம்பித்தது. பாலை நிறுத்தினேன், கடிப்பதும் நின்றது.

துணியைக் கையில் எடுத்த முதல் நாளே எனக்கு நீ கண்ணில் நின்றாய். நீ தினமும் காலையில் அதன் முகத்தை மடியில் வைத்துக்கொண்டு செய்தது இதைத்தானே? எதிரிலேயே பேப்பரும் காபியுமாக உட்கார்ந்திருந்தாரே அந்த மனுசன்! சேலையில் ஒரு இழை விட்டுப்போயிருந்தால் வாசலிலிருந்தே சொல்லுகிற கண். பெண்டாட்டி கை என்ன செய்கிறதென்று அதற்குத் தெரியவில்லை.

முடி முளைத்துவிட்டது அக்கா. தெரு ஆடுகளைத் துரத்துகிறது, வீடு அதிரக் குறட்டை விடுகிறது. மாமா வந்து பார்த்தார். சந்தோஷப்படுவார் என்றுதானே நினைப்பாய்? முகம் தொங்கிப்போய்விட்டது.

"இவ்ளோ சீக்கிரம் அவள மறந்துடுச்சா?"

"நெனப்பு இருந்தா ஒடம்பு தேறக் கூடாதா? நீங்களுந்தான் ரெண்டு சுத்துப் பெருத்துட்டீங்க மாமா."

கோபித்துக்கொண்டு போனார். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து வாசலில் நின்றார். நான் டப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்கிட்ட குடும்மா," என்று கையை நீட்டினார். துணியைக் கொடுத்தேன். கை முரடு, ஆனால் பதமாகத்தான் ஒற்றினார்.

"அவ தெனமும் இத்தத்தான் பண்ணிக்கினு இருந்தாளா?"

"ஆமா."

"நான் ஒரு நாளும் கேக்கல வனஜா. இன்னா பண்றேன்னு ஒரு நாளும் கேக்கல."

உருப்படியாக அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. நாலு பேர் இல்லை, மாலை இல்லை, படம் இல்லை. குனிந்தபடியே அழுதார். கண்ணீர் சொட்டுச் சொட்டாக டப்பியின் நெற்றி மடிப்பில் விழுந்தது.

"ஈரம் தங்குது பாருங்க மாமா. தொடைங்க," என்றேன்.

தன் முகத்தை அப்படியே விட்டுவிட்டு அதன் முகத்தைத் துடைத்தார்.

இனி ஞாயிறு தோறும் வரச் சொல்லியிருக்கிறேன். நீ விட்டுப்போன இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா, சத்தியம். ஒன்றைத் திட்டுவதை மட்டும் என் ஆயுசுக்கும் நிறுத்தமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைத் தவிர மற்ற எல்லாரையும் திட்டித் தீர்க்கும்
உன் கூடப்பிறந்த வனஜா